தி கோல்டன் காம்பஸ்: அமெரிக்காவில் 100 மில்லியன் தாண்டுமா? எதிர்பார்ப்பு + வசூல் கணிப்பு

வடமுனை | 14 அக்டோபர் 2007

டிசம்பர் 7-க்கு இன்னும் எட்டு வாரம்கூட இல்லை. யாரும் இழை தொடங்கக் காணோம், அதனால் நானே தொடங்குகிறேன்.

புத்தகம் படிக்காதவர்களுக்காக: பிலிப் புல்மன் 1995-இல் எழுதிய நாவல். பிரிட்டனில் ‘நார்தர்ன் லைட்ஸ்’ என்ற பெயரில் வந்தது. அமெரிக்காவில் ‘தி கோல்டன் காம்பஸ்’. மூன்று பாகத்தில் இது முதல் பாகம். சிறுவர் இலக்கியத்துக்கான கார்னகி பதக்கம் வாங்கியது. அந்தப் பதக்கத்தின் 70 ஆண்டு வரலாற்றில் எது சிறந்த புத்தகம் என்று இந்த ஜூனில் வாக்கெடுப்பு நடத்தினார்கள், அதிலும் இதுதான் முதலிடம்.

கதை நடப்பது நம் உலகம் மாதிரியே இருக்கும் இன்னொரு உலகத்தில். அங்கே மனிதனின் ஆன்மா உடம்புக்குள் இருக்காது. ஒரு விலங்காக வெளியே, கூடவே நடந்து வரும். அதற்குப் பெயர் டீமன். குழந்தைகளின் டீமன் நினைத்தபடி உருவம் மாறும், ஆள் வளர்ந்ததும் ஒரே உருவத்தில் நின்றுவிடும். ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கல்லூரியில் வளரும் லைரா என்ற வாயாடிப் பெண், காணாமல் போன தோழனைத் தேடி வடதுருவம் போகிறாள். கவசம் போட்ட கரடி, பலூன் ஓட்டுபவர், சூனியக்காரிகள் எல்லாம் உண்டு.

லைராவாகப் புதுமுகம் டகோட்டா ப்ளூ ரிச்சர்ட்ஸ். பத்தாயிரம் பெண் குழந்தைகளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்களாம். நிகோல் கிட்மன், டேனியல் கிரெய்க், எவா கிரீன் இருக்கிறார்கள். இயக்கம் கிறிஸ் வைட்ஸ். பட்ஜெட் 180 மில்லியன் டாலர். நம் காசில் 700 கோடிக்கு மேல்.

என் கணக்கு: பெரிய ஹிட். அடுத்த இரண்டு பாகமும் நிச்சயம். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

பாப்கார்ன் | 14 அக்டோபர் 2007

700 கோடியா! சிவாஜி மாதிரி பத்துப் படம் எடுக்கலாமே.

முன்னோட்டம் பார்த்தேன். அந்தப் பழைய மோதிரம் சுழன்றுகொண்டே வந்து திசைகாட்டியாக மாறுகிறது. ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் எடுத்ததும் நாங்கள்தான், மறந்துவிடாதீர்கள்’ என்று சட்டையைப் பிடித்துச் சொல்கிற மாதிரி இருந்தது. எனக்கு அது போதும். டிக்கெட் எடுத்துவிடுவேன்.

ஒரு சந்தேகம். டீமன் என்றால் பேய்தானே? ஆளுக்கு ஒரு பேயா?

வடமுனை | 14 அக்டோபர் 2007

பேய் இல்லை பாப்கார்ன். எழுத்தும் கொஞ்சம் வேறு, பொருளும் வேறு. நம் பாட்டி கதையில் ஏழு மலை, ஏழு கடல் தாண்டி ஒரு கூண்டுக் கிளிக்குள் மந்திரவாதியின் உயிர் இருக்குமே, அதுதான். என்ன, இங்கே கிளி தோளிலேயே உட்கார்ந்திருக்கும். கிளியின் கழுத்தைத் திருகினால் ஆள் காலி என்பதுகூட அப்படியே பொருந்தும்.

கணக்குப்பிள்ளை | 15 அக்டோபர் 2007

தம்பி வடமுனை, ஆர்வத்தில் தண்ணீர் ஊற்றுவதாக நினைக்க வேண்டாம். சென்ற வருடம் இதே டிசம்பரில் ‘எராகன்’ வந்தது. நூறு மில்லியன் செலவு, அமெரிக்காவில் 75-தான் வசூல். இந்த ஆகஸ்டில் ‘ஸ்டார்டஸ்ட்’ வந்த சுவடு தெரியாமல் போனது. பத்து நாள் முன்னால் ‘தி சீக்கர்’ என்று ஒன்று வந்ததே, அதுவும் பேர் பெற்ற பிரிட்டிஷ் சிறுவர் நாவல்தான். முதல் வார இறுதியில் 4 மில்லியன்கூடத் தேறவில்லை. ரிங்ஸும் பாட்டரும் ஓடியதைப் பார்த்து எல்லாரும் நூலகத்துக்குள் புகுந்து கையில் கிடைத்த மாயாஜால நாவலையெல்லாம் வாங்கிப் போட்டார்கள். மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பும் கதைதான்.

2005-இல் வந்த ‘நார்னியா’ மட்டும் விதிவிலக்கு. அதற்கும் 180 மில்லியன்தான் செலவு, அதுவும் டிசம்பர் வெளியீடு. அமெரிக்காவில் மட்டும் 290-க்கு மேல் எடுத்தது. ஆனால் அந்தப் படத்துக்குத் தேவாலயங்களே மொத்தமாக டிக்கெட் எடுத்தன. உங்கள் படத்துக்கு அதே தேவாலயங்கள் என்ன செய்கின்றன என்று பாருங்கள்.

டெக்சாஸ் தமிழன் | 15 அக்டோபர் 2007

அண்ணா சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். இங்கே கத்தோலிக்க லீக் என்ற அமைப்பு போன வாரமே புறக்கணிப்பை அறிவித்துவிட்டது. நாவலில் ‘மெஜிஸ்டீரியம்’ என்று ஒரு மத அதிகார அமைப்புதான் வில்லன். அந்தச் சொல்லே கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை அதிகாரத்தைக் குறிக்கும் சொல். மூன்றாம் பாகத்துக்குப் போனால் கடவுள் வரைக்கும் கை நீள்கிறது.

வேடிக்கை என்னவென்றால், படத்தில் மதத்தைப் பற்றிய பேச்சையெல்லாம் இளக்கிவிட்டார்கள். லீக்காரர்கள் சொல்வதும் அதைத்தான்: படம் ஒரு தூண்டில், குழந்தை படத்தைப் பார்த்துவிட்டுக் கிறிஸ்துமஸ் பரிசாகப் புத்தகம் கேட்கும், புத்தகத்தில்தான் விஷம் இருக்கிறது என்று.

வடமுனை | 16 அக்டோபர் 2007

‘டா வின்சி கோட்’ படத்துக்கும்தான் எதிர்த்தார்கள். அமெரிக்காவில் 217, உலகம் முழுக்க 750-க்கு மேல். எதிர்ப்பு என்பது இலவச விளம்பரம்.

டெக்சாஸ் தமிழன் | 16 அக்டோபர் 2007

அது பெரியவர்கள் பார்க்கிற படம். பிடித்தால் போவார்கள், பிடிக்காவிட்டால் போக மாட்டார்கள், யாரையும் கேட்க வேண்டியதில்லை. இது குடும்பப் படம். இதற்கு டிக்கெட் எடுப்பது அம்மாக்கள். சனிக்கிழமை மூன்று குழந்தைகளை வண்டியில் ஏற்றும் அம்மா, ‘இந்தப் படத்தைப் பற்றி ஏதோ சொன்னார்களே’ என்று ஒரு நொடி யோசித்தால் போதும், பக்கத்துத் திரைக்குப் போய்விடுவார். அவர் போராட்டமெல்லாம் நடத்த வேண்டாம்.

ரெண்டரிங் ராசா | 18 அக்டோபர் 2007

ஹைதராபாத்திலிருந்து. வரைகலைத் துறையில் ரோட்டோ, பெயின்ட் என்று அடிமட்ட வேலை செய்கிறவன். இந்தப் படத்தில் நான் வேலை செய்யவில்லை, அதனால் பயமில்லாமல் பேசலாம்.

180 மில்லியன் எங்கே போகிறது என்று யோசிக்கிறவர்களுக்கு: ஆளுக்கு ஒரு விலங்கு என்று புத்தகத்தில் எழுதுவது ஒரு வரி. திரையில் ஐம்பது பேர் நிற்கும் கூட்டம் என்றால் ஐம்பது விலங்கு. பேசிக்கொண்டிருக்கும் இரண்டு பேரைக் காட்டும் சாதாரண ஷாட்டுக்கே இரண்டு விலங்கு. வேறு எந்தப் படத்திலும் அந்த ஷாட் எங்கள் பக்கமே வராது. இங்கே அது இரண்டு மூன்று மாத வேலை.

அதிலும் கொடுமையானது, மனிதக் கை ரோமத்தின் மேல் படுவது. படப்பிடிப்பில் நடிகை ஒரு பொம்மையையோ பஞ்சு மூட்டையையோ தடவியிருப்பார். அதை அழிக்க வேண்டும். அது மறைத்திருந்த சட்டை மடிப்பை மறுபடி வரைய வேண்டும். பிறகு விலங்கு வரும். விரல் படுகிற இடத்தில் ரோமம் அமுங்கி, விரல்களுக்கு நடுவே எழும்பி நிற்க வேண்டும். விரல் போன பின் மெதுவாகப் பழைய இடத்துக்கு வர வேண்டும். நான்கு விநாடி ஷாட்டில் இது சரியாக வந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். தவறினால் தியேட்டரே சிரிக்கும்.

அதனால் என் கணிப்பு: முடிந்தவரை டீமன்களை ஃபிரேமுக்கு வெளியே நிறுத்தியிருப்பார்கள். கதைக்கு அது நல்லதில்லை.

வடமுனை | 19 அக்டோபர் 2007

கெட்ட செய்தி. நாவலின் கடைசி மூன்று அத்தியாயங்களைப் படத்திலிருந்து எடுத்துவிட்டார்களாம். அடுத்த பாகத்தின் தொடக்கத்தில் வைக்கப்போகிறோம் என்று இயக்குநர் தரப்பு விளக்கம்.

(முடிவு தெரிய வேண்டாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

லைரா யாரைக் காப்பாற்ற வடதுருவம் போனாளோ, அந்தப் பையனைத் தன் கையாலேயே கொண்டுபோய்ப் பலி கொடுக்கிற மாதிரி முடியும். தெரியாமல்தான் செய்கிறாள். ஆனால் அவள்தான் கூட்டிக்கொண்டு போகிறாள். இரவு இரண்டு மணிக்கு அதைப் படித்துவிட்டு விளக்கை அணைக்காமலேயே உட்கார்ந்திருந்தேன். அது இல்லாமல் இந்தக் கதையில் என்ன இருக்கிறது? கரடிச் சண்டை இருக்கிறது. அவ்வளவுதான்.

பாப்கார்ன் | 19 அக்டோபர் 2007

குழந்தைகள் படத்தில் குழந்தையைப் பலி கொடுத்து ‘வணக்கம்’ போட்டால் எந்தக் குடும்பம் இரண்டாம் முறை வரும் நண்பா? தயாரிப்பாளர் செய்ததுதான் சரி.

தேம்சுக்கரை | 21 அக்டோபர் 2007

பாப்கார்ன் தம்பி, பாம்பியின் அம்மாவைக் கொன்றது யார்? குழந்தைகள் தாங்குவார்கள். தயாரிப்பாளர்தான் தாங்க மாட்டார்.

நான் ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறேன். 2003 கிறிஸ்துமஸ் சமயம் லண்டன் நேஷனல் தியேட்டரில் இந்த மூன்று புத்தகத்தையும் இரண்டு நாடகமாகப் போட்டார்கள். டீமன்கள் எல்லாம் உள்ளே விளக்கு எரியும் பொம்மைகள். கறுப்பு உடை போட்ட கலைஞர்கள் கையில் பிடித்திருப்பார்கள், முதல் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு அந்த ஆட்கள் நம் கண்ணுக்கே தெரிய மாட்டார்கள். 180 மில்லியன் எல்லாம் ஆகவில்லை. முடிவையும் வெட்டவில்லை.

மட்டுறுத்துநர் | 22 அக்டோபர் 2007

மதங்களைப் பற்றிய நான்கு பதிவுகள் நீக்கப்பட்டன. படத்தைப் பற்றிப் பேசவும். பாப்கார்ன், உங்கள் கடைசி நகைச்சுவை எங்களுக்கும் பிடித்திருந்தது, ஆனாலும் நீக்கிவிட்டோம்.

பாப்கார்ன் | 9 நவம்பர் 2007

படத்தின் வலைத்தளத்தில் ‘உன் டீமன் எது’ என்று ஒரு விளையாட்டு. இருபது கேள்வி. மனமுவந்து உண்மையைச் சொன்னேன். எலி கொடுத்துவிட்டார்கள்.

டெக்சாஸ் தமிழன் | 9 நவம்பர் 2007

எனக்குப் புலி. அலுவலகத்தில் வேலை நேரத்தில் மூன்று முறை முயன்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தேம்சுக்கரை | 10 நவம்பர் 2007

நரி. வீட்டுக்காரருக்குச் சிலந்தி வந்தது. அவர் அப்புறம் யாருடனும் பேசவில்லை.

கணக்குப்பிள்ளை | 11 நவம்பர் 2007

காக்கை வந்தது. முன்னோர் கணக்கில் வைத்துக்கொள்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இங்கே எல்லாரும் அமெரிக்காவில் எவ்வளவு, உலகம் முழுக்க எவ்வளவு என்று கூட்டிக்கொண்டிருக்கிறீர்கள். யாருக்கு எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. நான் கோவையில் ஒரு விநியோக அலுவலகத்தில் பதினொரு வருடம் கணக்கு எழுதியவன். எனக்கு அந்தக் கேள்விதான் முதலில் வரும்.

இந்தப் படத்தை எடுக்கும் நியூ லைன், மற்ற பெரிய ஸ்டூடியோக்களைப் போல உலகம் முழுக்க நேரடியாக வெளியிடுவதில்லை. வெளிநாட்டு உரிமைகளை நாடு நாடாக முன்கூட்டியே விற்றுவிடுவது அவர்கள் வழக்கம். ரிங்ஸையும் அப்படித்தான் விற்றார்கள். இந்தப் படத்தின் செலவில் பெரும்பகுதியை அப்படித்தான் புரட்டியிருக்கிறார்கள்.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஒரு தயாரிப்பாளர் படம் முடியும் முன்பே என்.எஸ்.சி. (வட, தென் ஆற்காடு, செங்கல்பட்டு), கோவை, மதுரை, சேலம் ஏரியா எல்லாவற்றையும் அவுட்ரைட்டாக, அதாவது ஒரே தொகைக்கு மொத்தமாக, விற்றுவிடுகிறார். சென்னை நகரம் மட்டும் கையில். வந்த பணத்தில் படத்தை முடிக்கிறார், வட்டிக்கடைக்குப் போகவில்லை, நிம்மதி. படம் மதுரையில் நூறு நாள் ஓடினால் அது மதுரைக்காரர் அதிர்ஷ்டம். தயாரிப்பாளருக்குப் போஸ்டரில் பெயர் மட்டும் வரும். சென்னையில் ஓடினால்தான் அவருக்கு.

ஆக, அமெரிக்கா நியூ லைனுக்குச் சென்னை மாதிரி. அங்கே விழும் டிக்கெட் பணத்தில் கிட்டத்தட்ட பாதி தியேட்டருக்குப் போய்விடும். மிச்சத்தில் விளம்பரச் செலவைக் கழிக்க வேண்டும். அங்கே 75 வந்து, வெளியே 500 வந்தாலும் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

வடமுனை | 11 நவம்பர் 2007

வெளியே 500 வந்தால் அடுத்த பாகத்தை இன்னும் அதிக விலைக்கு விற்கலாமே அண்ணா?

கணக்குப்பிள்ளை | 11 நவம்பர் 2007

விற்கலாம். அதுவரை கடை திறந்திருந்தால்.

ஒரு கதை சொல்கிறேன், பெயர் வேண்டாம். எங்கள் அலுவலகம் ஒரு படத்தைக் கோவைக்கு அவுட்ரைட்டாக வாங்கியது. தினமும் இரவு பதினொன்றரைக்கு ஒவ்வொரு ஊரிலிருந்தும் எங்கள் ரெப் (பிரதிநிதி) தொலைபேசியில் டி.சி.ஆர்., அதாவது அன்றைய வசூல் கணக்கு, சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். பொள்ளாச்சி ஃபுல், உடுமலை ஃபுல், ஈரோடு ஃபுல். மூன்றாம் வாரம் தயாரிப்பாளரே நேரில் வந்தார். மாலை போட வந்தார் என்று நினைத்தோம். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அந்த டி.சி.ஆர். தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். ஒரு டீ குடித்தார். போய்விட்டார். சென்னையில் படத்தை இரண்டாம் வாரமே தியேட்டரிலிருந்து தூக்கியாகிவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த மனிதர் அதற்கப்புறம் படமே எடுக்கவில்லை.

டெக்சாஸ் தமிழன் | 29 நவம்பர் 2007

நிலவரம்: இந்த ஒரே மாதத்தில் ‘இந்தப் படத்துக்குப் போகாதீர்கள்’ மின்னஞ்சல் எனக்கு ஆறு பேரிடமிருந்து வந்துவிட்டது. ஆறாவதாக அனுப்பியவர் காரைக்குடிக்காரர், தினமும் விபூதி பூசுகிறவர். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று அனுப்பினாராம். கனடாவில் ஒன்டாரியோவில் ஒரு கத்தோலிக்கப் பள்ளி வாரியம் புத்தகத்தையே நூலக அடுக்கிலிருந்து எடுத்துவிட்டது.

இன்னொரு பக்கம் நாத்திகர்கள், ‘மதத்தை ஏன் இளக்கினாய்’ என்று திட்டுகிறார்கள். ஆக, எதிர்க்கிறவர்களும் வரப் போவதில்லை, ஆதரிக்கிறவர்களும் கோபத்தில் இருக்கிறார்கள். நடுவில் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

மட்டுறுத்துநர் | 3 டிசம்பர் 2007

கணிப்புப் போட்டி. அமெரிக்க முதல் வார இறுதி / அமெரிக்க மொத்தம், மில்லியன் டாலரில். நாளை இரவோடு மூடப்படும். தொடக்க வசூலில் மிக மோசமாகத் தவறுகிறவர் மறு அறிவிப்பு வரும்வரை எலி அவதார் வைக்க வேண்டும் (பாப்கார்னின் யோசனை).

மட்டுறுத்துநர் | 5 டிசம்பர் 2007

வந்தவை:

பாப்கார்ன்: 60 / 200
வடமுனை: 48 / 165
தேம்சுக்கரை: 40 / 130
ரெண்டரிங் ராசா: 35 / 110
கணக்குப்பிள்ளை: 32 / 80
டெக்சாஸ் தமிழன்: 26 / 95

தேம்சுக்கரை | 6 டிசம்பர் 2007

பிரிட்டனில் நேற்றே வெளியீடு. மகளையும் அவள் தோழியையும் கூட்டிக்கொண்டு மாலைக் காட்சி பார்த்தேன்.

முதலில் நல்லது. டகோட்டா ப்ளூ ரிச்சர்ட்ஸ் லைராவேதான். பொய் சொல்லும்போது தாடையை லேசாக உயர்த்துகிறாள், அங்கேயே விழுந்துவிட்டேன். நிகோல் கிட்மன் தங்க நிற உடையில் கல்லூரி உணவறைக்குள் நடந்து வரும்போது முன்வரிசைக் குழந்தைகள் மிட்டாய்த் தாள் பிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். அவருடைய பொன்குரங்கு ஒரு வார்த்தை பேசவில்லை, பார்ப்பதோடு சரி. அது போதுமாக இருந்தது. கரடிச் சண்டையின் கடைசி அடியில் அரங்கம் முழுக்க ஒரே மூச்சு இழுத்தது. என் மகளின் தோழி கண்ணை மூடிக்கொண்டு, ‘முடிந்ததா, முடிந்ததா’ என்றாள்.

இப்போது மற்றது. படம் 113 நிமிடம். ரிங்ஸின் முதல் பாகம் மூன்று மணி நேரம் ஓடியது, இதில் அதைவிடக் குறைவாகவா விஷயம் இருக்கிறது? தொடக்கத்திலேயே சூனியக்காரி குரலில், தூசி (கதையின் மர்மப் பொருள்) என்றால் என்ன, டீமன் என்றால் என்ன என்று பாடம் நடத்திவிடுகிறார்கள். புத்தகத்தில் அதெல்லாம் நாமாகக் கண்டுபிடிப்பது. அதன் பிறகு ஒவ்வொருவராக வந்து, பெயர் சொல்லி, விளக்கம் சொல்லி, உதவி செய்துவிட்டுப் போகிறார்கள். சந்தைக்கு வந்த சொந்தக்காரர்கள் மாதிரி. கரடிகளின் ஊருக்கும் குழந்தைகளை அடைத்து வைத்திருக்கும் நிலையத்துக்கும் வரிசையையே மாற்றியிருக்கிறார்கள்.

ராசா சொன்னது சரிதான், கூட்டக் காட்சிகளில் பலருடைய டீமன் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. டீமனை வெட்டிப் பிரித்த சிறுவன் வருகிற இடம் புத்தகத்தில் ரத்தம் உறையும். இங்கே பாவமாக இருக்கிறது. டீமன் இல்லாத ஒருவனைப் பார்த்தால் தலை இல்லாத மனிதனைப் பார்த்த மாதிரி அருவருப்பு வர வேண்டும். அதற்கு மற்ற எல்லாருக்கும் டீமன் இருப்பதை முன்பே நம் கண்ணுக்குப் பழக்கியிருக்க வேண்டும்.

முடிவு: வானூர்தியில் போகிறார்கள், எல்லாம் நல்லபடி நடக்கும் என்று பேசுகிறார்கள், பெயர்ப் பட்டியல் ஓடுகிறது. பக்கத்து இருக்கைத் தாத்தா மனைவியைப் பார்த்து, ‘அவ்வளவுதானா?’ என்றார்.

வடமுனை | 6 டிசம்பர் 2007

அக்கா, இதைப் படிக்காமல் இருந்திருக்கலாம். படித்துவிட்டேன்.

டெக்சாஸ் தமிழன் | 10 டிசம்பர் 2007

வந்துவிட்டது: 25.8 மில்லியன். 3,500-க்கு மேற்பட்ட தியேட்டர்கள். முதலிடம்தான், ஆனால் அந்த முதலிடத்தை வைத்து என்ன செய்வது? முப்பதிலிருந்து நாற்பது வரை நியூ லைன் எதிர்பார்த்ததாகப் பத்திரிகைகள் எழுதியிருந்தன.

நான் சனிக்கிழமை மதியக் காட்சிக்குப் போனேன். டிசம்பர் சனி மதியம், குழந்தைகள் படம், அரங்கில் கால்வாசி. பக்கத்துத் திரையில் டிஸ்னியின் ‘என்சான்டட்’ மூன்றாவது வாரம், வரிசை வெளியே வரைக்கும் நின்றது. அம்மாக்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

என் 26-க்கும் நிஜத்துக்கும் இரண்டு லட்சம் டாலர்தான் வித்தியாசம் என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

பாப்கார்ன் | 10 டிசம்பர் 2007

60 சொன்னேனா? கீபோர்டு பழுது.

(எலி வைத்துவிட்டேன். எப்படியும் எனக்கு வந்தது அதுதானே.)

டெக்சாஸ் தமிழன் | 17 டிசம்பர் 2007

இரண்டாம் வார இறுதி: ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சரிவு. ‘ஐ ஆம் லெஜண்ட்’ 77 மில்லியனோடு டிசம்பர் சாதனை படைத்திருக்கிறது. பாடும் அணில்கள் படம் 44. உங்கள் கரடியை அணில் தூக்கிப் போட்டு மிதித்துவிட்டது.

ஒரு கூடுதல் தகவல்: அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் திரைப்பட அலுவலகம் இந்தப் படத்தைப் பாராட்டித்தான் விமர்சனம் எழுதியிருந்தது. வெளியான பிறகு அந்த விமர்சனத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

வடமுனை | 17 டிசம்பர் 2007

ஆக, புறக்கணிப்புதான் கொன்றது.

தேம்சுக்கரை | 17 டிசம்பர் 2007

முதல் வாரக் குறைவை வேண்டுமானால் அவர்கள் தலையில் கட்டு. இரண்டாம் வாரம் அப்படி விழுந்ததற்கு முதல் வாரம் பார்த்தவர்கள் சொன்னதுதான் காரணம். ‘அவ்வளவுதானா’ என்று கேட்ட தாத்தா எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் மாதிரித் தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை | 20 ஜனவரி 2008

யாரும் வெளிநாட்டுப் பக்கம் பார்க்கவில்லை போலிருக்கிறது. அமெரிக்காவில் 70-ஐ ஒட்டி நிற்கிறது. வெளியே அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வந்து, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரிட்டனில் வெளியீட்டிலேயே முதலிடம். டாலர் வேறு இறங்கிக் கிடக்கிறது, வாங்கியவர்களுக்கு இரட்டை லாபம்.

பொள்ளாச்சி ஃபுல். உடுமலை ஃபுல்.

ரெண்டரிங் ராசா | 25 பிப்ரவரி 2008

வரைகலைக்கான ஆஸ்கர் நமக்கு! ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ கையிலிருந்து பிடுங்கியாயிற்று. எங்கள் அலுவலகத்தில் காலையிலேயே பந்தயம் கட்டி எல்லாரும் இயந்திரங்கள் பக்கம் நின்றார்கள். நான் ஒருவன்தான் ரோமத்தின் பக்கம். மதியம் பிரியாணி அவர்கள் செலவு.

வடமுனை | 1 மார்ச் 2008

நேற்று முழுக்க இந்தச் செய்தியைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். டைம் வார்னர் நிறுவனம் நியூ லைனை வார்னர் பிரதர்ஸோடு இணைக்கிறது. நாற்பது வருடம் நடத்திய பாப் ஷேயும் அவரது கூட்டாளி மைக்கேல் லின்னும் வெளியேறுகிறார்கள். இந்தப் படம் ஒன்றுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை, போன வருடம் அவர்களுக்கு வேறு படங்களும் படுத்தன. ஆனால் எல்லாச் செய்தியிலும் இரண்டாம் பத்தியில் இந்தப் படம் இருக்கிறது.

அண்ணா, நீங்கள் நவம்பரில் எழுதியதை மறுபடி படித்தேன். ‘அதுவரை கடை திறந்திருந்தால்’.

கணக்குப்பிள்ளை | 1 மார்ச் 2008

அதைச் சொன்னதற்காகச் சந்தோஷப்படவில்லை தம்பி. அந்த டீ குடித்துவிட்டுப் போன மனிதர் ஞாபகம்தான் வருகிறது.

மட்டுறுத்துநர் | 12 ஜூலை 2008

இறுதிக் கணக்கு: அமெரிக்கா 70.1, வெளிநாடு 302, மொத்தம் 372 மில்லியன் டாலர். தொடக்க வசூலில் வெற்றி டெக்சாஸ் தமிழன், மொத்த வசூலில் கணக்குப்பிள்ளை. இரண்டாம் பாகம் குறித்து எந்த அறிவிப்பும் இல்லாததால் இழை மூடப்படவில்லை, உறங்கட்டும்.

வடமுனை | 6 டிசம்பர் 2019

யாராவது உயிரோடு இருக்கிறீர்களா?

பிபிசியும் ஹெச்பிஓவும் சேர்ந்து தொடராக எடுத்திருப்பது ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் புத்தகத்துக்கு மட்டுமே எட்டு மணி நேரம். லைராவாக டாஃப்னி கீன். அவசரமே இல்லை, எனக்கு அதுவே பெரிய நிம்மதி. கடைசி மூன்று அத்தியாயங்களை இவர்கள் விடப்போவதில்லை என்று நம்புகிறேன், இன்னும் சில வாரத்தில் தெரிந்துவிடும்.

ரெண்டரிங் ராசா | 7 டிசம்பர் 2019

இருக்கிறேன். இப்போது துறையில் இல்லை. அன்று ஆஸ்கர் வாங்கிய டீமன்களைச் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் 2013-இல் திவாலானது. சில நாள் கழித்து ‘லைஃப் ஆஃப் பை’ புலிக்காக அதே நிறுவனம் மறுபடி ஆஸ்கர் வாங்கியது. மேடையில் அந்த நிலைமையைச் சொல்லத் தொடங்கியதும் சுறாப் படத்தின் இசையைப் போட்டு மைக்கை நிறுத்திவிட்டார்கள். 2008-இல் மேடையேறிய நால்வரில் ஒருவர்தான் அன்று பேசியவரும். தொடரைப் பார்க்கவில்லை. ரோமத்தைப் பார்த்தால் மணிக்கணக்குதான் நினைவுக்கு வருகிறது.

தேம்சுக்கரை | 7 டிசம்பர் 2019

அன்று கண்ணை மூடிக்கொண்ட அந்தத் தோழிக்குப் போன மாதம்தான் கல்யாணம். தொடரைப் பார்த்துவிட்டு, ‘கூட்டத்தில் டீமன்களைக் காணோமே ஆன்ட்டி’ என்கிறாள். பன்னிரண்டு வருடம் ஆகியும் ராசாவின் கணக்கு மாறவில்லை.

கணக்குப்பிள்ளை | 8 டிசம்பர் 2019

மகன் வீட்டில் இருக்கிறேன், பேரனுடைய கைப்பேசியில் தட்டுகிறேன். தயாரிப்பு யார்?

வடமுனை | 8 டிசம்பர் 2019

அண்ணா! பேட் வுல்ஃப் என்ற வேல்ஸ் நாட்டு நிறுவனம். கூடவே, டைட்டிலில் நியூ லைன் பெயரும் வருகிறது.

கணக்குப்பிள்ளை | 8 டிசம்பர் 2019

நியூ லைனா? வெளிநாட்டு உரிமை யார் கையில்?

வடமுனை | 8 டிசம்பர் 2019

பிரிட்டனுக்கு பிபிசி. மற்ற நாடுகளெல்லாம் ஹெச்பிஓ. நியூ லைனும் ஹெச்பிஓவும் இப்போது ஒரே வார்னர் குடும்பம்.

கணக்குப்பிள்ளை | 8 டிசம்பர் 2019

அப்படியென்றால் பார்க்கிறேன்.

பாப்கார்ன் | 9 டிசம்பர் 2019

மட்டுறுத்துநர் அவர்களுக்கு: ‘மறு அறிவிப்பு வரும்வரை’ என்று போட்டிருந்தீர்கள். அறிவிப்பு வரவேயில்லை. எலி இன்னும் இருக்கிறது.